ஆறு, படி, குதிரை: பாலியில் ஐந்து நாள்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு – உபுட்

விமான நிலையத்திலிருந்து உபுடுக்கு 35 கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒரு காரும் எதிரே ஒரு ஸ்கூட்டரும் ஒன்றையொன்று மன்னித்துக்கொண்டு போகவேண்டிய அகலத்தில் சாலைகள். ஆனால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கோவையிலிருந்து வந்த காதுக்கு அதுவே பாதி விடுமுறை.

வந்திருப்பது நானும் என் நாத்தனாரும் மட்டும். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பிள்ளைகளோடு வீட்டில். இந்தப் பயணமே அவள் யோசனை. "அண்ணி, ஒரே நாள்ல காலையில ஆத்துல ராஃப்டிங், மத்தியானம் கடற்கரையில குதிரை. ரெண்டும் சேத்து ஒரே பேக்கேஜ்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நீச்சல் தெரியாது. குதிரை தெரியும், அதாவது கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் பத்து வயதில் ஒருமுறை போயிருக்கிறேன். அதனால் ஆற்றை நினைத்துப் பயந்தேன், குதிரையை நினைத்துப் பயப்படவில்லை. எல்லாம் தலைகீழாக நடக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

டிரைவர் பெயர் கெதுட். நாலாவது பிள்ளை என்று பொருளாம். முதல் பிள்ளை வாயான், அப்புறம் மாடே, நியோமான், கெதுட். ஐந்தாவது பிறந்தால்? மறுபடியும் வாயான். சிக்கனமான ஏற்பாடு.

வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உயரமான மூங்கில், நுனி வில்லாக வளைந்து சாலைப் பக்கம் தொங்குகிறது. தென்னங்குருத்து, நெற்கதிர், பழம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். பெஞ்சோர் என்று பெயர். போன புதன்கிழமை 23ஆம் தேதி கலுங்கான் பண்டிகை. அவர்களுடைய ஒரு நாட்காட்டியில் வருடம் என்பது 210 நாள், ஆகவே அடுத்த கலுங்கான் நவம்பரிலேயே வந்துவிடும். தீபாவளி இப்படி வந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள், நாம்தான் போண்டி.

இன்று அமாவாசை. இங்கும் அமாவாசைக்குக் கோயிலுக்குப் போகிறார்கள், வெள்ளைச் சட்டையும் தலையில் துணிக்கட்டுமாக. அதை அழகாக இருக்கிறது என்று பார்த்ததோடு விட்டுவிட்டேன். அமாவாசைக்கும் எங்கள் பேக்கேஜுக்கும் சம்பந்தம் உண்டு என்பது மறுநாள்தான் உறைத்தது.

பணக் கணக்கு: மூன்று சைபரை வெட்டிவிட்டு ஐந்தால் பெருக்கினால் ஏறக்குறைய நம் ரூபாய். பேக்கேஜ் ஆளுக்கு 11,00,000 ருப்பையா, அதாவது 5,600 ரூபாய்க்குக் கிட்ட. நாத்தனார் அவள் அண்ணனுக்கு "11 லட்சம் கட்டிட்டோம்" என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் எனக்கு மூன்று அழைப்பு.

ஏப்ரல் 28, திங்கள் – அயுங் ஆறு

இரவெல்லாம் மழை. காலையில் வெயில்.

பாலியின் நீளமான ஆறு அயுங். வடக்கே மலையில் பிறந்து சனூர் பக்கம் கடலில் சேர்கிறது. உபுடை ஒட்டிய பள்ளத்தாக்கில்தான் ராஃப்டிங். இதைவிட வேகமான தெலாகா வாஜா என்ற ஆறு கிழக்கே இருக்கிறது. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளத்தின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். அயுங் இரண்டு, மூன்று. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும்.

ஆளுக்கு ஒரு ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், துடுப்பு. வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் பாடம் முடித்தான். "ஃபார்வர்ட்" என்றால் முன்னால் தள்ளு. "பேக்வர்ட்" என்றால் பின்னால். "பூம் பூம்" என்றால் பாறையில் மோதப்போகிறோம், கயிற்றைப் பிடி. கால் பாதத்தை ட்யூப் இடுக்கில் செருகிக்கொள்ளவேண்டும். விழுந்துவிட்டால் நிற்க முயலக்கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் நீர் போகும் திசையில் நீட்டிக்கொண்டு மிதக்கவேண்டும். இதை மட்டும் மனப்பாடம் செய்தேன்.

அப்புறம் படி.

இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஆறு பள்ளத்தின் அடியில் ஓடுகிறது, நாம் மேலே நிற்கிறோம். நடுவில் பாசி பிடித்த, ஒன்று முழங்கால் உயரமும் அடுத்தது அரையடியுமான கற்படிகள். நாத்தனார் எண்ணிக்கொண்டே வந்தாள். 312. இறங்குவதுதானே என்று நினைத்தேன். பாதியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள், ஐம்பது வயதாவது இருக்கும், காற்றிறக்கி மடித்த ரப்பர் படகைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு செருப்பில்லாமல் இறங்கிப் போனார். எங்களைத் தாண்டும்போது நின்று, சிரித்து, "பெலான், பெலான்" என்றார். மெதுவாக, மெதுவாக. அந்தச் சுமையோடு அவர் எங்களுக்காகக் கவலைப்பட்டது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

படகில் ஆறு பேர். எங்களோடு சுராபாயாவிலிருந்து வந்த ஒரு அம்மா, அவருடைய இரண்டு பிள்ளைகள். அவர் முக்காட்டின் மேல் ஹெல்மெட் போட்டிருந்தார், நான் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவருக்கும் நீச்சல் தெரியாதாம். அது எப்படியோ எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆறு பயமுறுத்தவே இல்லை. தண்ணீர் மழையில் காப்பி நிறமாகியிருந்தது. முதல் வளைவில் படகு மூக்கைக் குத்தி இறங்கி எழுந்தது. மடியில் ஒரு குடம் தண்ணீர். கத்தினேன், ஆனால் அது வயிறு குலுங்கும் கத்தல்தான். பயம் எங்கே என்று தேடினேன், காணோம். இரண்டு பக்கமும் செங்குத்தான சுவர், பெரணியும் கொடியும் தொங்குகின்றன, மெல்லிய அருவிகள் நேரே தலையில் கொட்டுகின்றன. ஓரிடத்தில் பாறைச் சுவர் நெடுக ராமாயணம் செதுக்கியிருக்கிறார்கள். அனுமனைக் கண்டதும் கும்பிட்டேன், துடுப்பு கையில் இருந்ததால் அது சுராபாயா அம்மாவின் ஹெல்மெட்டில் பட்டது. பாத்தூர் எரிமலை கக்கிய சாம்பல் இறுகிப் பாறையானது இந்தப் பள்ளத்தாக்கு. நம் கருங்கல்லோடு ஒப்பிட்டால் மெத்தென்று உளி இறங்கும் கல்.

இன்னொரு படகு பக்கத்தில் வந்தால் துடுப்பால் தண்ணீர் இறைத்து அடிப்பது இங்கே மரியாதை போலிருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் எங்களை நனைத்துவிட்டுக் கைகூப்பினார்கள்.

விபத்து இரண்டு. நாத்தனார் ஆற்றில் விழுந்தாள். வெள்ளத்தில் இல்லை, குளம் மாதிரி நின்ற இடத்தில், வேறு படகுக்குக் கையாட்டும்போது. வழிகாட்டி லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டான், மீன் மாதிரி. இரண்டாவது எனக்கு: ஒரு பூம் பூமில் என் இடது செருப்பு போய்விட்டது. வார் வைத்த செருப்பு போட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் யோசித்திருக்கவேண்டும்.

நடுவழியில் ஒரு திட்டில் நிறுத்தினார்கள். இளநீர் 40,000. மேலே ஊரில் 25,000. அந்தப் படியில் சுமந்து இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து இறங்கினோம். இறங்கினால்? படி. இப்போது ஏற்றம். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறும் கால். 230 வரை எண்ணிவிட்டு நாத்தனாரும் விட்டுவிட்டாள். பழனியில் முருகன் இருக்கிறார் என்ற நம்பிக்கையிலாவது ஏறுவோம், இங்கே மேலே இருந்தது பஃபே. சோறு, நூடுல்ஸ், தெம்பே வறுவல். சோயா பயறைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியதுதான் தெம்பே. பசியில் வடை மாதிரி ருசித்தது. தரமானதா என்று கேட்காதீர்கள், அந்த நிலையில் செங்கல்லையும் சாப்பிட்டிருப்பேன்.

பேக்கேஜின் அடுத்த பாதி: மத்தியானம் சாபா கடற்கரை, குதிரை. ஒன்றரை மணிக்குப் போய் இறங்கினோம். கடற்கரை இல்லை. கடல் கரைமேட்டை மோதிக்கொண்டிருந்தது. நடுவில் நான்கைந்து அடி மணல், அதையும் அலை நக்கிக்கொண்டிருந்தது. லாயத்துக்காரர் ஃபோனில் ஒரு வளைகோட்டைக் காட்டினார். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும், ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், மிகும். இந்தப் பக்கத்தில் அந்த நாட்களில் நண்பகலை ஒட்டித்தான் கடல் உச்சிக்கு ஏறுகிறது. விடியலிலும் அந்தியிலும்தான் மணல் விரிந்து கிடக்கும். நேற்று அமாவாசை. பேக்கேஜ் விற்ற ஆளுக்கு இது தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். "நமக்கு வீட்டுல மாசக் காலண்டர் தொங்குது அண்ணி, பாத்திருக்கலாம்" என்றாள் நாத்தனார்.

மணலைப் பார்த்துவிட்டாவது போவோம் என்று நான் மேட்டிலிருந்து இறங்கினேன். எரிமலை மணல், கன்னங்கரேல். மத்தியான வெயிலில் கறுப்பு மணல் எப்படி இருக்கும் என்பதை ஒற்றைச் செருப்புக்காரிக்குச் சொல்லவேண்டியதில்லை. வறுகடலைச் சட்டி. உள்ளங்கால் சிவந்துவிட்டது.

அந்திக்கு இடமில்லை, நாளைக் காலையும் இல்லை. புதன் காலை 7 மணி. மறுபடி வண்டி வைக்க 3,00,000 கூடுதல். கெதுட் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வழியில் வண்டியை நிறுத்தி, தன் காசில் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய் – உபுட், பெரும்பாலும் படுக்கையில்

கால் இல்லை. அதாவது இருக்கிறது, கேட்பதில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைக் கொல்கிறது என்பது இன்று புரிந்தது. கழிப்பறையில் உட்கார ஒருத்தி, எழுப்ப ஒருத்தி. மேற்கொண்டு விவரிக்கவேண்டாம்.

தங்கும் வீட்டின் சுவரில் 'கோலம்' என்று ஒரு பலகை, அம்புக்குறியோடு. மாவுக் கோலம் இல்லை, நீச்சல் குளம். நம் குளம் கடல் தாண்டிப் போய் கோலம் ஆகியிருக்கிறது. கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்'. குதிரைக்கு இவர்கள் சொல் 'குடா'. அதற்கும் நம் வளைகுடாவுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் கடற்கரைக் குதிரை என்று நினைக்கையில் சிரிப்பு வந்தது. பகலெல்லாம் அந்தக் கோலத்தில் இடுப்பு வரை இறங்கி நின்றோம், எருமைகள் மாதிரி.

காலையில் எதிர்க் கடையில் லக்லக். அரிசி மாவில் செய்வது, மண் அச்சில் குழிகுழியாக ஊற்றி மூடி வேகவைக்கிறார்கள், மேலே தேங்காய்த் துருவலும் பனைவெல்லப் பாகும். நான் காரைக்குடிக்காரி. குழிப்பணியாரச் சட்டியை இன்னொரு தேசத்தில் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கடைக்காரம்மாவுக்குப் பணியாரம் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் "பன்யாரம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ஆறு லக்லக் 10,000. பக்கத்தில் கறுப்பரிசிக் கஞ்சி, தேங்காய்ப் பால் ஊற்றி. நம் கவுனி அரிசிக்கு அக்கா தங்கை. ஊரில் இதைக் கல்யாண வீட்டில் கண்ணில் காட்டுவார்கள், இங்கே தெருவோரத்தில் கிண்ணம் 15,000.

சாயங்காலம் மசாஜ், ஒரு மணி நேரம் 1,50,000. அந்தப் பெண் என் தொடையில் கை வைத்ததுமே "ராஃப்டிங்?" என்றாள்.

ஏப்ரல் 30, புதன் – சாபா கடற்கரை

அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கெதுட்டின் வண்டி முகப்பில் குருத்தோலைத் தட்டில் பூவும் ஒரு பிஸ்கட்டும் புதிதாக வைத்திருந்தார். வழியில் அகுங் மலை மேகமில்லாமல் முழுதாகத் தெரிந்தது, 3,000 மீட்டருக்கு மேல். 1963இல் அது வெடித்தபோது ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த மலையை நோக்கித்தான் இவர்கள் கும்பிடுகிறார்கள்.

கடல் பின்வாங்கியிருந்தது. நேற்று முன்தினம் இல்லாத கடற்கரை, இன்று ஒரு கிரிக்கெட் மைதானம் அகலத்துக்கு, ஈரமாக, கண்ணாடிபோல. எதிரே நுசா பெனிடா தீவு.

லாயத்தில் முதலில் எடை பார்க்கிறார்கள். 85 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்களாம். மனிதர்கள் ஜாடையாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், அது நல்ல பண்பு. நாத்தனார் திருப்பிக்கொள்ளவில்லை. எடையை எழுதப்போவதில்லை. ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வந்தது 'கோப்பி'. காப்பி என்று பொருள், நிறமும் அதுவே. இந்தக் குதிரைகளில் பல சும்பா தீவிலிருந்து வந்தவை, சிறு கூடு, கெட்டிக் கால். சும்பாவில் வருடா வருடம் குதிரை மேலிருந்து ஈட்டி எறியும் பசோலா நடக்கும். அந்த வம்சத்தின் மேல் நான் ஏறவேண்டும்.

ஏறுவதற்கு இடது காலை அங்கவடியில் வைத்து வலது காலைத் தூக்கிப் போடவேண்டும். தூக்கும் கால் தூங்குகிறது. முக்காலி மேல் நின்றும் வரவில்லை. லாயத்துப் பையன் ஒருவன் "சத்து, துவா, தீகா" என்று மூன்று எண்ணினான், இன்னொருவன் என் முழங்காலைப் பிடித்துத் தள்ளினான், நான் "முருகா" என்றேன். கோப்பி பொறுமையாக நின்றது. பல பேரைப் பார்த்த குதிரை.

குதிரைச் சவாரி என்றால் உட்கார்ந்திருப்பதுதானே என்று நினைத்திருந்தேன். உட்காருவதற்கு உள்தொடை வேண்டும். என்னிடம் அன்று இல்லாத ஒரே பொருள் அதுதான். ஒவ்வொரு அடிக்கும் சேணம் அங்கேயே இடித்தது. அங்கவடி ஒவ்வொரு அடிக்கும் சூடுபட்ட பாதத்தை உரசியது. முன்னால் நாத்தனார் ராணி மாதிரி நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்த்து, "அண்ணி, முதுகு நேரா!" என்றாள். அவள் வயது முப்பத்தொன்று. அதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

கடிவாளத்தைப் பிடித்து நடந்த பையன் வெறுங்காலோடு வந்தான். குதிரை நடந்தால் நடந்தான், ஓடினால் ஓடினான். கொஞ்சம் ஓட்டுவோமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் எனக்கும் சேர்த்து "யெஸ்" என்றாள். ஓட்டம் இல்லை, துள்ளுநடைதான். அதிலேயே என் பல்லெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

அலை ஓரத்துக்கு வந்ததும் கோப்பி நின்றது. முன்னங்காலால் தண்ணீரை ஓங்கி அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம். தண்ணீர் தெறித்தது. விளையாடுகிறது பார் என்று எனக்குக் கொள்ளைச் சந்தோஷம், கழுத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தேன். பையன் கத்திக்கொண்டு கடிவாளத்தை இழுத்து, நெஞ்சில் தோளைக் கொடுத்து அதை மேட்டுக்குத் தள்ளினான். அப்புறம் சொன்னான்: தண்ணீரைக் காலால் தோண்டினால் படுத்துப் புரளப் போகிறது என்று அர்த்தம். முதலில் முன்னங்கால் மடங்கும், அப்புறம் பக்கவாட்டில் சாயும். மேலே இருப்பவர்? அவன் கையைக் கவிழ்த்துக் காட்டினான்.

ஆறு முழுக்க எனக்குப் பயம் வரவில்லை. முழங்கால் ஆழம்கூட இல்லாத இந்தத் தண்ணீரில் வந்தது. பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோப்பி தலையைத் திருப்பி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அதற்கும் சூடு, மேலே ஒரு மூட்டை, எதிரே குளிர்ந்த நீர். நானாக இருந்தாலும் படுத்திருப்பேன். நேற்று நாங்கள் செய்ததும் அதுதானே.

திரும்பும் வழியில் பையன் குதிரைகளை நிறுத்தினான். ஒரு பாட்டி, தட்டில் பூ, சோறு, ஊதுவத்தி. ஈர மணலில் வைத்து, பூவை விரல் நுனியில் பிடித்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். நாங்கள் காத்திருந்தோம். மூன்றாவது அலை தட்டைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் குதிரைகளை நடத்தினான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை, பின்னால் வந்த நாலு குதிரைக்காரர்களும்.

ஒரு மணி நேரம். இறங்கியதும் நான் நிற்கவில்லை, நேரே மணலில் உட்கார்ந்துவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கறுப்பு மணல் சுடவில்லை, இதமாக இருந்தது. கோப்பியைச் சேணம் கழற்றி விட்டார்கள். அது நேரே போய் மணலில் படுத்து, நாலு காலையும் வானத்தில் உதைத்துப் புரண்டது.

ராஃப்டிங்கும் குதிரையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு: குதிரையை முதலில் வையுங்கள், ஆற்றைக் கடைசியில் வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் விற்பவரிடம் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேளுங்கள். வார் செருப்பு.

மத்தியானம் சாத்தே லிலிட். மீனை அரைத்து மசாலா சேர்த்து எலுமிச்சைப்புல் தண்டில் உருட்டிச் சுடுவது, கூடவே பச்சை வெங்காயமும் மிளகாயும் அரிந்த சம்பல் மாத்தா. ஐந்து குச்சி 30,000. நின்றுகொண்டே சாப்பிட்டேன். உட்காரச் சொன்னார்கள், சிரித்து மழுப்பினேன்.

மே 1, வியாழன் – திரும்பல்

கெதுட் காலையில் மூன்று இடம் சொன்னார். ஒரு அருவி, ஒரு பாறைக் கோயில், தீர்த்தா எம்புல் ஊற்று. தீர்த்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசை வந்தது. ஆனால் இந்த ஐந்து நாளில் நாங்கள் கற்ற மிக உபயோகமான சொல்லை எடுத்தேன்: "தங்கா?" படி? அருவிக்கு நிறைய. கோயிலுக்கு முன்னூறு. தீர்த்தா எம்புலில் கொஞ்சம்தான். அங்கே போனோம். பொங்கும் ஊற்றைச் சுற்றி 10ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில். மக்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு குழாய்க்கும் தலையைக் கொடுக்கிறார்கள். நாங்கள் விளிம்பில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. அந்தக் குளத்தில் இறங்க நான்கு படி இருந்தது.

கெதுட்டிடம் செருப்புக் காசை மறுபடி நீட்டினேன். மறுபடி வேண்டாம் என்றார். நாத்தனார் கைப்பையைத் துழாவி, ஊரிலிருந்து கொண்டுவந்த கைமுறுக்கு டப்பாவைக் கொடுத்தாள். அவர் அங்கேயே ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியை மூடி, வீட்டில் நாலு பேர் என்று விரல் காட்டினார்.

விமான நிலையத்தில் எல்லாம் எஸ்கலேட்டர். நிம்மதி. அப்புறம் எங்களைப் பேருந்தில் ஏற்றி, விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஏணிப்படி.

"ஒண்ணு" என்றாள் நாத்தனார்.